கசிந்தது என் வெல்டிங் இல்லை

நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள், சார்.

பழைய ஊழியர்கள் சேர்ந்து போட்ட ஆண்டு மலரில், உங்கள் படத்துக்குக் கீழே, உங்கள் கட்டுரையில் இப்படி இருக்கிறது: “காற்றுப் புகாத அறை முதலில் கசிந்தது. வெல்டரின் கவனக்குறைவே காரணம். ஜாயின்டைச் சரிசெய்த பிறகு சோதனை வெற்றி பெற்றது.” மூன்று வாக்கியம். முதல் வாக்கியம் மட்டும்தான் உண்மை. நீங்கள் அந்த வெல்டரின் பெயரைப் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை. அந்த ஆய்வுக் கூடத்தில் ஆர்கான் வெல்டிங் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்று அங்கே வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

திருவனந்தபுரத்தில் சாலை பஜாரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து இதைப் படித்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எந்தா அண்ணா, ஆராவது மரிச்சுப்போயோ?” என்று கேட்டார்.

“ஆமா, நான்தான்” என்றேன்.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். இதில் வருகிற பெரிய சார் நீங்கள்தான்.

எனக்கு நாகர்கோவில் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து முதலில் ஜன்னல் கம்பியும் ஹோட்டல் பாத்திரமும் வெல்டிங் செய்துகொண்டிருந்தேன். கொச்சியில் படகு கட்டுகிற இடத்தில் இரண்டு வருஷம் இருந்தபோது அலுமினியத்தில் ஆர்கான் வெல்டிங் பழகினேன். அன்று திருவனந்தபுரத்தில் அந்த வேலை தெரிந்தவர்கள் குறைவு. எழுபதுகளின் கடைசியில் ஒரு தனியார் ஆய்வுக் கூடத்திலிருந்து என்னைத் தேடி ஆள் வந்தது. கூடத்தின் பெயரை எழுதமாட்டேன். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் நல்லவர்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம். கழக்கூட்டம் போகிற வழியில் தென்னந்தோப்பும் மணலுமாக இருந்த இடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அவ்வளவுதான் கூடம்.

பெரிய சாருக்கு வலியசாலையில் வீடு. அக்கிரகாரத்துக்காரர். படிப்பில் புலி. அதை நான் எங்கேயும் மறைக்கமாட்டேன். முதல் நாள் எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். கையில் தன்னுடைய டிபன் கேரியரை வைத்திருந்தார்.

“விண்வெளி நிலையம்னா பெரிசா பயப்படாதீங்கோ. இதுதான்” என்று கேரியரைத் தூக்கிக் காட்டினார். “ஒரு அடுக்கு மேலே போகும். அப்புறம் இன்னொண்ணு போய் அதோட சேரும். அப்புறம் இன்னொண்ணு. உள்ளே மனுஷன் சாப்பிடுவான், தூங்குவான், மாசக் கணக்கா இருப்பான். அடுக்குக்கு அடுக்கு விளிம்பு சரியா உக்காரணும். பஸ்ல சாம்பார் கசிஞ்சா சட்டை போகும். அங்கே காத்து கசிஞ்சா ஆள் போயிடுவான்.”

அமெரிக்காக்காரர்களும் ரஷ்யாக்காரர்களும் அப்போதே மேலே ஆட்களை வாரக் கணக்கில் வைத்திருந்தார்கள். நம்மிடம் அதெல்லாம் கிடையாது. ஆனால் என்றாவது ஒருநாள் வரும், வரும்போது அடைத்த அறைக்குள் மனுஷன் எப்படி மூச்சு விடுவான், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது சாரின் ஆசை. அதற்காகத் தரையிலேயே ஒரு அறை. படுக்க வைத்த அலுமினிய உருளை. உள்ளே இரண்டு பேர் படுக்க இடம், ஒரு கதவு, கையகலத்துக்கு ஒரு கண்ணாடி. இரண்டு பேரை மூன்று நாள் உள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். அதுதான் திட்டம்.

நான் கைக்கு வந்த வேலையைச் செய்கிறவன். ஆனால் அன்று இரவு சாப்பிடும்போதுகூட அந்தக் கேரியரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுமினியத்துக்கு ஈரம் ஆகாது. உருகும்போது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடித்துவிடும். ஆறும்போது உள்ளே ஊசித்துளை ஊசித்துளையாக நிற்கும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், காற்றுக்கு மட்டும் வழி தெரியும். திருவனந்தபுரத்துக் காற்றைச் சொல்லவே வேண்டாம், பிழிந்தால் தண்ணீர் வரும். நான் காலையில் ஏழு மணிக்கு ஆரம்பித்து, கடல்காற்று ஏறுவதற்குள் நிறுத்திவிடுவேன். இரும்பில் பட்ட பிரஷ்ஷை அலுமினியத்தில் படவிடமாட்டேன். தகட்டைத் துடைத்த பிறகு யாராவது விரலால் தொட்டால் கத்துவேன். ஒருமுறை பெரிய சாரே தொட்டார். அவரையும் கத்தினேன். “கோச்சுக்காதேயும் ஓய்” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முடித்த ஜாயின்டுகளில் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தூவிப் பார்ப்பார்கள். துளை இருந்தால் பொடியில் சிவப்புப் புள்ளி வரும். ஒரு புள்ளி வரவில்லை. சாரே குனிந்து குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

கசிவு பார்க்கிற வேலை ஒரு அக்காவுடையது. எல்லாருக்கும் அவள் சேச்சி. கல்லாறுக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மலையாளமும் தமிழும் கலந்து பேசுவாள். வாய் என்றால் வாய். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, “எடோ வெல்டரே” தான்.

கதவுக்கு ஒரு ரப்பர் வளையம் வந்தது. ஓ-ரிங் என்பார்கள். கதவின் சட்டத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், வளையம் அதில் உட்காரும். கதவை மூடி போல்ட்டை முறுக்கினால் ரப்பர் நசுங்கி இடைவெளியை அடைக்கும். வெளிநாட்டிலிருந்து வந்தது, ஒன்றே ஒன்று. பொருத்தும்போதே சார் சொல்லிவிட்டார்: “இனிமே இதை யாரும் கழட்டப்படாது. இழுத்தா நீண்டுடும். வேற இல்லை.”

வளையம் பொருத்தின மறுநாள் ஆயுத பூஜை.

எந்தப் பட்டறையிலும் செய்கிறதுதான். மெஷினைத் துடைத்து, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பொரிகடலை. என் வெல்டிங் டார்ச்சுக்கும் பொட்டு வைத்தேன். சார் வீட்டிலிருந்து ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறையச் சந்தனம் அரைத்துக் கொண்டுவந்திருந்தார். பன்னீர் ஊற்றித் தளர்வாக இருந்தது. எல்லா மெஷினுக்கும் வைத்துவிட்டு அறையின் முன்னால் வந்து நின்றார்.

“இது வாசல். மனுஷா நுழையப்போற வாசல். நிலைப்படிக்குச் செய்யாம விடப்படாது” என்றார். வீட்டு நிலைப்படிக்குப் பூசுகிற மாதிரி, கதவுச் சட்டத்தின் அடிப்பகுதியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கையால் வழித்துப் பூசினார். அதன்மேல் குங்குமம் வைத்தார். அழகாகத்தான் இருந்தது. நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன். சேச்சியும் நின்றாள். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் நான்தான் ஈரத்துணியால் சட்டத்தைத் துடைத்தேன். வளையத்தின் மேல்பக்கத்தையும் துடைத்தேன். கறுப்பாக, சுத்தமாக இருந்தது.

கதவை மூடினோம். உள்ளே காற்றை வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாக ஏற்றினோம். வெளியே சுவரில் வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் நீல மை கலந்த தண்ணீர். உள்ளே காற்று குறைந்தால் தண்ணீர் இறங்கும். சாயங்காலம் கோடு போட்டுவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

திரும்ப ஏற்றினோம். திரும்ப இறங்கியது. சேச்சி சோப்புத் தண்ணீரை பிரஷ்ஷால் எல்லா ஜாயின்டிலும் தடவினாள். கதவோரத்திலும் தடவினாள். குமிழி எங்கேயும் வரவில்லை. இப்படியே நாலு நாள். அடுத்த வாரம் வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் சோதனையைப் பார்க்க வருகிறார்கள். சாருக்குத் தூக்கம் போய்விட்டது.

ஐந்தாம் நாள் என்னிடம் வந்தார்.

“அடி ஜாயின்ட்தான் ஓய். வேற எங்கேயும் இருக்க முடியாது. ஈர நாள்ல பண்ணியிருப்பேர். அரைச்சு எடுத்துட்டு மறுபடி போடும்.”

“அதை நீங்கதானே சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டியோ? ஒரு புள்ளி வரல்லியே.”

“சாயத்துல தெரியாத துளையும் உண்டு.”

“சார், அலுமினியத்தை அரைச்சு ரெண்டாவது தடவை சூடு காட்டினா தகடு கோணிப்போகும். கதவுச் சட்டம் நெளியும். அப்பறம் எந்த வளையமும் இருக்காது. நல்ல ஜாயின்டை அரைக்கமாட்டேன்.”

“மாட்டேரா?”

“மாட்டேன்.”

கொட்டகையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சார் மெதுவாகத்தான் சொன்னார்: “நாளை சாயங்காலம் வரைக்கும் டயம். அதுக்கப்புறம் நீர் வர வேண்டாம். கொச்சிலேர்ந்து வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன். ஜாயின்ட் விட்டுது, அதனால அனுப்பினோம்னுதான் எழுதுவேன்.”

வெல்டருக்கு வீடு வாசல் இல்லாமல் போகலாம். ‘அவன் போட்ட ஜாயின்ட் விட்டுது’ என்று பெயர் வந்தால் அதோடு முடிந்தது. அடுத்த ஊரிலும் யாரும் டார்ச்சைக் கையில் கொடுக்கமாட்டார்கள்.  

மறுநாள் காலை சேச்சி தன் நோட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“எடோ வெல்டரே, அழுதுகிட்டு நிக்காத. இது நோக்கு.”

“நான் அழல்ல.”

“சரி, அழல்ல. நோக்கு. மழை பெய்த நாள் கசிவு கொறவு. வெயில் நாள் கூடுதல்.”

துலா மாத மழை, நம்ம ஐப்பசி மழைதான். சில நாள் மத்தியானமே கொட்டும், சில நாள் பொய்த்துவிடும். ஒவ்வொரு நாளும் மழை, வெயில், கொட்டகையின் சூடு எல்லாவற்றையும் அவள் குறித்து வைத்திருந்தாள்.

“அது சூட்டு வித்தியாசம்னு சார் சொன்னாருல்லா?” என்றேன்.

“சூட்டை நான் கழிச்சாச்சு. கழிச்சும் வித்தியாசம் உண்டு. உன்னோட வெல்டிங்கில துளை இருந்தா, அந்தத் துளைக்கு வெளியில மழை பெய்யுறது தெரியுமோ? அலுமினியம் மழைக்கு ஊதிப் பெருக்குமோ? எங்கேயோ ஈரத்தைக் குடிச்சு வீங்குற சாதனம் ஒண்ணு உண்டு. அது காஞ்சா வழி விடுது. நனைஞ்சா அடைக்குது.”

முந்தின நாளுக்குப் பிறகு எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்று வெயில். அறையில் காற்றை ஏற்றினோம். சேச்சி ஒரு செலோ டேப் சுருளை எடுத்தாள். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே சுற்றிலும் மெல்லிய இடைவெளி இருக்கும், சோப்புத் தண்ணீர் அதற்குள் போய்விடுவதால்தான் குமிழி தெரியவில்லை என்றாள். அந்த இடைவெளி முழுவதையும் டேப்பால் மூடினோம். அவள் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊசியால் குத்தி ஒரு ஓட்டை விட்டாள். எங்கே கசிந்தாலும் காற்று அந்த ஓட்டை வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். ஓட்டையின்மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்தாள்.

இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சொட்டு ஒரு கடுகளவு எழும்பியது. பிறகு மிளகளவு. பிறகு பட்டாணி. பட்டென்று உடைந்தது.

“கதவு” என்றாள் சேச்சி.

“கதவு” என்றேன் நானும். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையில் குதித்தேன்.

காற்றை இறக்கிக் கதவைத் திறந்தோம். வளையத்தைக் கழட்டக்கூடாது என்பது சாரின் உத்தரவு. சேச்சி ஒரு மூங்கில் குச்சியை வழவழப்பாகச் சீவி, வளையத்துக்கு அடியில் விட்டு, நீளாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினாள். மேல்பாதியில் பள்ளம் சுத்தம். கீழே வந்ததும் நிறுத்தினாள். பள்ளத்தின் அடியில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சளாக ஏதோ காய்ந்து, வற்றின குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்து மோந்து பார்த்தாள். என் மூக்குக்கும் காட்டினாள்.

சந்தனம்.

சட்டத்தில் பூசினது வழிந்து பள்ளத்துக்குள் இறங்கி, வளையத்துக்கு அடியில் போய்க் காய்ந்திருக்கிறது. மேலே நான் துடைத்துவிட்டேன். அடியை யாரும் பார்க்கவில்லை. வெடிப்பு வெடிப்பாகக் காற்றுக்கு வழி. மழை நாளில் ஈரத்தைக் குடித்து வெடிப்பு மூடிக்கொண்டிருக்கிறது.

அப்போது சார் உள்ளே வந்தார். “யார் கழட்டச் சொன்னா?” என்று கத்திக்கொண்டே வந்தார். சேச்சி உள்ளங்கையை நீட்டினாள். அவர் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“எங்காத்துச் சந்தனம்” என்றார்.

அதற்காக நான் அவரைக் குறை சொல்லவே இல்லை. இன்றும் சொல்லமாட்டேன். தப்பு எல்லாருக்கும் வரும். அறை நன்றாக இருக்கட்டும் என்றுதான் அவர் பூசினார். அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை.

“இதை இப்போ வெளியில சொல்ல வேண்டாம்” என்றார் சார். “அடுத்த வாரம் வரவா சிரிப்பா. விண்வெளி அறைக்கு நிலைப்படி பூஜை பண்ணி ஓட்டை பண்ணினான்னு ஊர் ஊராச் சொல்லுவா. இந்த வேலையே நின்னுடும். இப்போதைக்கு ஃபைல்ல ஜாயின்ட் கசிவு, சரிபண்ணியாச்சுன்னு போட்டுக்கறேன். சோதனை முடியட்டும். என் கையாலேயே திருத்தி எழுதறேன்.”

“அது சரியில்ல சாரே” என்றாள் சேச்சி. “தப்பு செய்யாத ஆளோட தலையில வைக்குறது சரியில்ல.”

சார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அது நான் செய்த தப்பு. ஏன் ஆட்டினேன்? வேலை நின்றுவிடும் என்று அவர் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. அந்த அறைக்குள் மனுஷன் இருந்து வெளியே வருவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெறியாக இருந்தது. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: “உள்ள போற ரெண்டு பேர்ல ஒருத்தன் நான். நான் போட்ட ஜாயின்டுக்குள்ள நானே இருக்கேன்.”

“இன்னொருத்தன் நான்” என்றார் சார்.

“நல்ல ஜோடி” என்றாள் சேச்சி.

பள்ளத்தைச் சுரண்டிக் கழுவி வளையத்தைத் திரும்பப் போட்டோம். நீலத் தண்ணீர் இரண்டு நாள் அசையவில்லை. பெரிய ஆட்கள் வந்தார்கள். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தட்டிப் பார்த்தார். கதவை மூடினார்கள். வெளியே போல்ட் முறுக்குகிற சத்தத்தை உள்ளேயிருந்து கேட்டேன். பன்னிரண்டு போல்ட். எண்ணினேன்.

அந்த மூன்று நாளைப் போல நான் எங்கேயும் இருந்ததில்லை.

மனுஷன் விடுகிற மூச்சுதான் அடைத்த அறையில் மனுஷனைக் கொல்லும் என்று சார் சொன்னார். ஆக்சிஜன் சிலிண்டரில் இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. கெட்ட காற்றை யார் எடுப்பது? அதற்குச் சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பின் உறவுக்காரன்தான், உருண்டை உருண்டையாக ஒரு டப்பாவில் இருந்தது. ஒரு சின்ன விசிறி அறைக்காற்றை அந்த டப்பா வழியாக இழுத்து வெளியே விடும். சுண்ணாம்பு கெட்டதைப் பிடித்துக்கொள்ளும்.

“இந்த விசிறி இங்கே நின்னா நமக்குத் தலைவலிதான் வரும். மேலே நின்னா என்ன ஆகும் தெரியுமோ?” என்று கேட்டார். “அங்கே எடை கிடையாது. சூடான காத்து மேலே போறதுங்கறதே கிடையாது. தூங்கறவன் விட்ட மூச்சு அவன் மூக்குக்கு முன்னாலேயே பலூன் மாதிரி நிக்கும். அதையே திருப்பி இழுப்பான். அதனால அங்கே விசிறிச் சத்தம் ராப்பகலா கேட்டுண்டே இருக்கும். சத்தம் நின்னா எல்லாரும் முழிச்சுப்பா.”

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்குத் தலை கனத்தது. சாருக்கும் அப்படித்தான். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே கண்ணாடி வழியாகச் சேச்சி எங்களைப் பார்த்துக்கொண்டே, அறைக்கும் வெளிக்கும் பேச வைத்திருந்த போனில் கேட்டாள்: “எந்தா ரெண்டு பேரும் கோழி தூங்குற மாதிரி இருக்கீங்க? கதவு திறக்கட்டா?”

சார் தயங்கினார். நான் டப்பாவைத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணாம்பு வேலை செய்தால் சூடாகும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். டப்பாவின் மேல்பக்கம் மட்டும் சூடு, கீழே பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. படுக்க வைத்திருந்த டப்பாவில் விசிறியின் அதிர்வில் உருண்டைகள் ஆடி ஆடிக் கீழே படிந்து, மேலே ஒரு இடைவெளி உண்டாகியிருக்கிறது. காற்றுக்கு என்ன கஷ்டம்? சுலபமான வழியில் சுண்ணாம்பைத் தொடாமலே ஓடிவிடுகிறது.

“சார், இதை நிமிர்த்தி வச்சு, மேல துணியை அமுக்கிக் கட்டுவோம்” என்றேன்.

என் சட்டையைக் கழற்றி மடித்து உள்ளே திணித்தோம். டப்பாவை நிமிர்த்தி, தட்டித் தட்டி இறுக்கிக் கட்டினோம். ஒரு மணி நேரத்தில் டப்பா முழுக்கச் சூடேறியது. தலைகனம் குறைந்தது. சார் நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டார். “மேலே போற டப்பாக்கு உள்ளேயே ஸ்பிரிங் வச்ச தட்டு வேணும். அமுக்கிண்டே இருக்கணும்” என்று தனக்குத்தானே சொன்னார். என்னைப் பார்த்து, “உம்ம சட்டை பெரிய காரியம் பண்ணித்து ஓய்” என்றார். சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

தண்ணீர்க் கதை இன்னொன்று. மூச்சிலும் வேர்வையிலும் போகிற ஈரம் எங்கே போகும்? அறைக்குள்ளேதான் இருக்கும். குளிர்ந்த நீர் ஓடுகிற ஒரு குழாயில் அந்த ஈரம் முத்து முத்தாகப் படியும். அதைப் பிடித்து, கரியில் வடிகட்டி, கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். கொண்டுபோன தண்ணீரை வேண்டுமென்றே குறைவாக வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் காலை ஒரு டம்ளர் சேர்ந்தது. இரண்டு பேருக்கும் பாதி பாதி.

சார் எங்கள் யார் வீட்டிலும் தண்ணீர் குடித்தவர் இல்லை. ஆபீஸ் பானையிலும் குடிக்கமாட்டார். தனிக் கூஜா கொண்டுவருவார். இந்த டம்ளரில் இருப்பது பாதி என் வேர்வை. அவருக்கும் அது தெரியும். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். பிறகு குடித்தார். ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

“உப்பு இல்லை” என்றார்.

“கரி நல்ல கரி” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். கண்ணாடி வழியாகச் சேச்சி, என்ன என்று கையால் கேட்டாள். நான் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் கதவு திறப்பதற்கு முன்னால் அவராகவே சொன்னார்: “வெளியில போனதும் முதல் காரியம் அந்த ஃபைலைத் திருத்தறது. ஜாயின்ட்ல கசிவு இல்லை, வளையத்துக்கு அடியில பூஜைச் சந்தனம்னு அப்படியே எழுதறேன். உமக்கு வாக்கு.” நான் நம்பினேன். ஒரே டம்ளரில் குடித்தவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

கதவு திறந்தது. வெளிக்காற்று மழை வாசனையோடு உள்ளே வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். வந்திருந்த பெரியவர் ஒருவர் அடி ஜாயின்டைத் தடவிப் பார்த்து, “இதுதான் திரும்பப் போட்ட ஜாயின்டா?” என்று சாரிடம் கேட்டார். சார், “ஆமா” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஃபைல் திருத்தப்படவில்லை. நான் இரண்டு முறை கேட்டேன். “பார்க்கலாம் ஓய்” என்றார். மூன்றாம் முறை கேட்கவில்லை. அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் முடிந்தது, திரும்பக் கூப்பிடவில்லை. கப்பல் வேலை செய்கிற ஒரு கம்பெனியில் என்னை எடுக்கிற நேரத்தில் அங்கிருந்து கூடத்துக்கு விசாரித்திருக்கிறார்கள். ஃபைலைப் பார்த்து யாரோ ஒரு குமாஸ்தா பதில் எழுதியிருக்கிறார். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரிகளுக்கு ஆக்சிஜன் குழாய் போடுகிற வேலையில் சேர்ந்தேன். அங்கே யாரும் ஃபைல் கேட்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார்கள். இன்றுவரை அதைத்தான் செய்கிறேன். என் குழாய் ஒன்றும் கசிந்ததில்லை.

என் ஒருத்தன் விஷயம் மட்டும் என்றால் இதை எழுதியிருக்கமாட்டேன். எண்பதுகளில் கூடத்தில் இரண்டாவது அறை கட்டினார்கள். பெரிசு. அதுவும் கசிந்தது. புதுசாக வந்த இன்ஜினியர்கள் பழைய ஃபைலை எடுத்துப் படித்தார்கள். அதில் என்ன இருக்கிறது? ஜாயின்ட் கசிவு. அதனால் ஜாயின்ட் ஜாயின்டாக அரைத்தார்கள். வேறொரு வெல்டர் என்னைப் போலவே திட்டு வாங்கினான். தகடு கோணி, மாசக் கணக்கில் வேலை போயிற்று. கடைசியில் சேச்சி மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு போய் வளையத்தைத் தூக்கினாள். கடல்மணல். இந்தத் தடவை பூஜை இல்லை, காற்றில் பறந்து வந்த மணல்தான். அவள் என் வீட்டுக்கே வந்து இதைச் சொன்னாள். “எடோ, அந்த ஃபைல்ல சந்தனம்னு ஒரு வார்த்தை இருந்திருந்தா, முதல் நாளே வளையத்தைத் தூக்கியிருப்பாங்க” என்றாள்.

இப்போது அவள்தான் அங்கே புதுசாக வருகிறவர்களுக்குக் கசிவு பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடமே வளையத்துக்கு அடியைப் பார்ப்பது. டேப் ஒட்டி ஓட்டை விடுகிற வித்தையை அவர்கள் அவளைவிடச் சுத்தமாகச் செய்கிறார்களாம். பெருமையாகச் சொன்னாள், கூடவே கொஞ்சம் பொறாமையும் இருந்தது. ரஷ்யாக்காரர்கள் மேலே புது நிலையம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். துண்டு துண்டாக அனுப்பி, வாசலோடு வாசலைச் சேர்த்துப் பெரிதாக்குகிறார்கள் என்று பேப்பரில் போடுகிறார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு வளையம் இருக்கும். நம்முடையதும் ஒருநாள் போகும். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. இரண்டு பேர் ஒரு தகரக் கொட்டகையில், சட்டையைத் திணித்த டப்பாவை வைத்துக்கொண்டு மூன்று நாள் மூச்சு விட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் எங்களைவிடக் கெட்டிக்காரர்கள். அவர்கள் கையில் கொடுக்கிற காகிதம் உண்மையாக இருந்தால் போதும்.

ஆனால் நீங்கள் அவர்கள் கையில் இந்த மலரைக் கொடுத்திருக்கிறீர்கள், சார். ஃபைலாவது அலமாரியில் கிடந்தது. இது ஆயிரம் கையில் போகும்.

உங்கள் வீட்டுக்கு வந்து தனியாகப் பேசலாம் என்று சிலர் சொன்னார்கள். தனியாகப் பேசினது எல்லாம் போதும். தனியாகக் கொடுத்த வாக்குதான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது. பழைய ஊழியர்களின் கூட்டம் வருகிறது. நீங்கள்தான் தலைமை என்று போட்டிருக்கிறார்கள். நானும் வருவேன், முதல் வரிசையில் உட்காருவேன். சேச்சியும் தன் நோட்டோடு வருகிறாள். மைக்கைப் பிடித்து, புதுப் பிள்ளைகள் எல்லாரும் கேட்க, சொல்லுங்கள்: அந்த வளையத்துக்கு அடியில் நீங்கள் பார்த்தது என்ன? அதை ஏன் எழுதவில்லை?